தலை போன சேவலும் ஆறு நீதிபதிகளும்

ஒரு சேவலின் தலை போனதற்குச் சாட்சி சொல்ல நான் இங்கிலாந்திலிருந்து டென்மார்க்குக்குக் கப்பலேறினேன். சேவல் உயிருள்ள சேவல் அல்ல, செடி. தலை போன நேரம் நான் அந்த நாட்டிலேயே இருக்கவில்லை. ஆனாலும் சாட்சி நான்தான். லண்டனில் நான் வேலை செய்த, கார்களுக்குப் பெற்றோல் நிரப்பும் செற்றின் முதலாளியிடம் லீவு கேட்டபோது இதை உள்ளபடியே சொன்னேன். கலியாணவீடு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மரியாதையாக லீவு தந்திருப்பேனே என்றார்.

நடந்தது இதுதான். அன்ரன் என் ஊரவன். கரையோரத்துப் பங்குக் கோயிலொன்றில் பூசைக்கு உதவும் பிள்ளைகளை நான் மேய்த்த காலத்தில் அவன் மணியடித்தவன். பிறகு நாடு எரிந்தது. அவன் டென்மார்க்கில் கரையேறி, ஜட்லாந்தின் நடுவிலே கிரின்ஸ்டெட் என்ற சின்னப் பட்டினத்தில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தான். மனைவி றெஜினா ஊரில் நின்றாள். அவன் வெளிக்கிட்ட பிறகு பிறந்த மகளை அவன் படத்தில்தான் பார்த்திருந்தான். இரண்டு பேரையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் கிடந்தது. கிடந்தது என்றால், உண்மையாகவே கிடந்தது. தமிழர்களின் குடும்பக் கோப்புகளை ஆறப்போடச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு போயிருக்கிறது என்று டெனிஷ் பத்திரிகைகள் மெல்ல மோப்பம் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

அப்படியிருக்க, கோயிலில் குருத்தோலை ஏந்திச் செபிக்கிற குருத்து ஞாயிறு வந்தது. அந்தப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒரு வாடகை மண்டபத்தில் கூடிச் செபிப்பதாக ஏற்பாடு. ஓலை கொண்டுவருவது அன்ரனின் பொறுப்பு. தென்னைக்கு எங்கே போவது? ஊரே பட்டமரமாக நின்றது. விடியற்காலை வெளியே வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு செடி மட்டும் சின்னச் சின்ன இலையோடு பச்சைப் பசேலென்று மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அன்ரன் கத்தியை எடுத்தான், நீட்டிய தலையை வெட்டினான், கோயில் காரியம் முடிந்தது.

அந்தச் செடி, அக்செல் என்ற ஓய்வுபெற்ற பால்காரர் வருஷக்கணக்காகக் கத்தரித்துக் கத்தரித்துச் சேவலாக்கி வைத்திருந்த செடி. கொண்டை, சொண்டு எல்லாம் இருந்ததாம். இரவு குடிகாரர் யாரோ செய்த வேலை என்று நினைத்து அவர் பொலிஸைக் கூப்பிட்டார். பொலிஸ் பக்கத்து வீட்டில் விசாரித்தது. அன்ரன் சந்தோஷமாகக் கதவைத் திறந்து, "ஓம், நான்தான் வெட்டினன்" என்று சொல்லி, சுவரிலிருந்த சிலுவையில் செருகியிருந்த சேவலின் கொண்டையையும் காட்டினான்.

பட்டின நீதிமன்றம் தண்டம் போட்டது. எல்லோரும் கட்டிவிட்டுப் போ என்றார்கள். அன்ரன் கேட்கவில்லை. அப்பீல் செய்தான். வேலி ஓரத்துப் பூவரசு ஒன்றுக்காக மூன்று தலைமுறை கோட்டடியில், நீதிமன்ற வாசலில், நின்ற வம்சம் அவனுடையது. ரத்தம் சும்மா இருக்குமா என்று நான் நினைத்தேன். அதுவல்ல காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்காக வழக்குப் பேசும் அப்புக்காத்து, ஹன்னே என்ற பெண்மணி, குருத்தோலை வெட்டும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல அதே ஊராள் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தா; அன்ரன் என் பெயரைக் கொடுத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் போதும் என்று பிரிந்தவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சனங்களின் வாயிலிருந்து பொறுக்கியது. ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு எங்கள் பங்கில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

கப்பலில் எனக்கு எதிரே ஒரு லொறிச் சாரதி, டெனிஷ்காரன், உட்கார்ந்தான். கறுப்புப் பாண் துண்டின் மேல் வினாகிரியில் ஊறிய பச்சை மீனை அடுக்கிச் சாப்பிட்டான். எனக்கும் ஒன்று தந்தான். மரியாதைக்கு வாங்கி வாயில் வைத்தேன். மீன் புளித்தது, பாணும் புளித்தது. எங்கள் அம்மா பழஞ்சோற்றுக்குச் சொல்வது போல, பசிக்கு ருசி தெரியாது என்று விழுங்கினேன். பசி இல்லாததுதான் பிழை.

எஸ்பியர் துறைமுகத்தில் குடிவரவு அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தமிழன் என்றால் அந்தக் காலத்தில் ஓரம்தான். எதற்கு வந்தாய் என்றார். அரைகுறை இங்கிலீஷில், சேவலுக்குச் சாட்சி சொல்ல என்றேன். எந்தச் சேவல்? செடிச் சேவல். அவர் முகம் இறுகியது. ஹன்னே தபாலில் அனுப்பிய கடிதத்தை நீட்டினேன். வாசித்தார். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். முத்திரை விழுந்தது. போகும்போது முதலாமவர் ஜன்னலுக்கு வெளியே, பட்டினத்தின் பக்கம் விரலை நீட்டி டெனிஷில் ஏதோ சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பக்கமாக நடந்தேன். அங்கே கழிப்பறை இருந்தது. நல்ல மனுஷன், பார்த்தவுடன் தேவை அறிந்து சொன்னாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே கை கழுவும்போது ஒன்று உறைத்தது. ஒரு செடிக்காக என்னை ஐந்து நிமிடத்தில் உள்ளே விட்ட நாடு, பெற்ற பிள்ளைக்காக றெஜினாவை இன்னும் விடவில்லை.

கிரின்ஸ்டெட்டுக்கு என்னை ஏற்றிப்போனவ றீற்றா. வயோதிபர் இல்லத்தில் வேலை. டெனிஷை எங்கள் ஆட்களில் எல்லோரையும்விடச் சரளமாகக் கதைப்பா. அவ பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியவ, ஓட்டி வந்த வான் வண்டியும் சபையுடையது. கத்தோலிக்கரின் ஓலை வழக்குக்கு அல்லேலூயா வானில் போகிறோமே என்று கேட்டேன். "இயேசு கழுதையில போனவர். இது நல்ல வான், பேசாமல் இருங்கோ பீலிக்ஸ் அண்ணை" என்றா.

வழியெல்லாம் தட்டை நிலம். காற்று மட்டும்தான் எழும்பி நின்றது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு நாய் புகக் கூட வழி விடாமல் வேலி அடைப்போம். இங்கே வீடுகள் புல்லின் நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டிகள் போலக் கிடந்தன. வேலி இல்லாத நாட்டிலேயும் ஒருவன் வேலி வழக்குக்குள் விழுந்துவிட்டான் என்றால் அது யாழ்ப்பாணத்தானின் கெட்டித்தனம்தான்.

அன்ரன் ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்திருந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டு, தான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு, பாருங்கோ என்றான். பார்த்தேன். உடம்பும் வாலும் அழகான சேவல். கழுத்துக்கு மேலே ஆகாயம். சின்ன மதிலுக்கு அப்பால் ஒரு ஜன்னல் திரை அசைந்தது. அக்செல்.

"நீ ஏன் பார்க்கிறாய் இல்லை?" என்றேன்.

"வழக்கு முடியுமட்டும் எதிராளியின்ர பக்கம் முகம் திருப்பிறதில்லை" என்றான். ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் அந்த ஜன்னலில் நின்று முகம் திருப்பிக்கொண்டே பாத்திரம் கழுவி வருகிறான். கழுத்து சுளுக்கியும் இருக்கிறதாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். குருத்து ஞாயிறன்றே தலை போனதால் பெரிய வியாழனுக்குக் கூவ ஆள் இல்லாமல் போய்ச்சுது, சேவல் கூவமுன் இயேசுவை மூன்று தரம் மறுதலித்த இராயப்பர் தப்பினார் என்று ஒருவர் பகிடி விட்டார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அரசாங்கத்தில், மேய்க்கவேணும் என்பார்கள், அன்ரன் கோழி வெட்டியே கோறணமேந்துக்குள் போய்விட்டான் என்றார் இன்னொருவர். நான் எல்லாவற்றையும் மனதில் முடிந்துகொண்டேன். அன்ரன் மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "தண்டக் காசு பெரிசில்லை அண்ணை. எப்பவோ ஒரு நாள் றெஜினாவின்ர கோப்பைத் திறப்பாங்கள். அண்டைக்கு என்ர பேருக்குப் பக்கத்தில குற்றவாளி எண்டு இருந்தால், அதைச் சாட்டா வைச்சு மூடிப்போடுவாங்கள்."

அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. சாட்சிக்காரன் நான், கடல் தாண்டி வந்திருக்கிறேன். சண்டைக்காரன் கூப்பிடு தூரத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறான். சொல்லிப் பார்த்தேன். வழக்கு வைத்துக்கொண்டு எதிராளியின் வளவுக்குள் கால் வைத்தவன் எங்கள் பரம்பரையில் இல்லை என்றான்.

மறுநாள் வழக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு என்று கடிதத்தில் இருந்ததாம். ஆனால் கோட்டுக்குப் போகிறவன் விடிய நிற்கவேண்டும், கூப்பிடும்போது இல்லையென்றால் வழக்கு போய்விடும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தாய்ப்பாலோடு புகட்டியது. இருட்டோடு இருட்டாகப் புட்டும் இறைச்சியும் பார்சல் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, ஏதோ மருதமடுத் திருவிழாவுக்குப் போவதுபோல வானில் ஏறினோம். மேல்நீதிமன்றம் விபோர்க்கில். அது யாருக்கும் தெரிந்த விஷயம்.

விபோர்க்கில் இறங்கிய எங்களைக் கண்டு கட்டடத்தின் வாசல்காப்பாளர் வியந்தார். தலை நரைத்த, கோப்பி மணக்கும் மனுஷன். றீற்றா விஷயத்தைச் சொன்னா. அவர் தன் புத்தகத்தில் விரலை ஓட்டினார், நிறுத்தினார், எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். றீற்றா தமிழில் சொன்னா: "கோடு இங்க இல்லையாம். இண்டைக்கு எங்கட கோடு எஸ்பியரில இருக்காம்."

கோடு எப்படிப் போகும்? அது கட்டடம் அல்லவா? அன்ரன் கடிதத்தைக் கொடுத்தான். அதுவரை அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்து ஒருவருக்கும் காட்டவில்லை. தலைப்பில் விபோர்க் என்ற விலாசம். அதையும் நேரத்தையும் மட்டும்தான் அவன் வாசித்திருந்தான். கீழே எஸ்பியர் என்று இருந்தது. நான் கப்பலால் இறங்கிய இடம். அந்த அதிகாரி விரலை நீட்டியது கழிப்பறைக்கு அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டெனிஷ்காரருக்கே இது நடக்கிறதுதான், இன்னும் நேரம் இருக்கிறது என்று வாசல்காப்பாளர் தேற்றினார். ஒரு மணி வழக்குக்குக் காலை ஒன்பதுக்கு வந்தவர்களை அவர் அதுவரை கண்டதில்லையாம். பதற்றத்தில் நின்ற அன்ரனை இருத்தி எங்களுக்குக் கோப்பி தந்தார். றீற்றா தன் பிளாஸ்கைத் திறந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. கோப்பியும் தேத்தண்ணியும் கை மாறிய பிறகு வாய் திறக்காத மனுஷன் உலகத்தில் இல்லை.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இது. இந்த நாட்டில் அடியில் பட்டின நீதிமன்றங்கள். களவு, கடன், மரண சாதனம் என்கிற உயில், வீட்டு உறுதி எல்லாம் அங்கேதான். அதற்கு மேலே இரண்டே இரண்டு மேல்நீதிமன்றங்கள்: கிழக்கே தீவுகளுக்கு ஒன்று, மேற்கே ஜட்லாந்து முழுவதற்கும் இது. எல்லாவற்றுக்கும் மேலே கொப்பன்ஹேகனில் உச்ச நீதிமன்றம். ஜட்லாந்து நீளமானது. சாட்சிகளெல்லாம் விபோர்க்குக்கு வந்து சேர முடியாது. ஆகையால் நீதிபதிகள் காரில் ஏறி ஓல்போர்க்குக்கும் எஸ்பியருக்கும் போய் அங்கே கதிரை போட்டு உட்காருவார்கள். கொழும்பிலிருந்து அசைஸ் நீதிபதி யாழ்ப்பாணத்துக்கு வரும்போது ஊரே ஒதுங்கி நின்ற கதையைச் சொன்னேன். இங்கே யாரும் ஒதுங்குவதில்லை, கார் நிறுத்த இடம் தேடுவதே பாடு என்றார்.

முந்தி இந்த ஊரில் கட்டடமே இல்லாத காலமும் இருந்ததாம். ஜட்லாந்தின் ஆண்களெல்லாம் வெட்டவெளியில் கூடுவார்கள். அங்கேயே வழக்குத் தீர்ப்பார்கள், அங்கேயே அரசனைத் தெரிவுசெய்து கூவுவார்கள். காணி கைமாறினால் கூட்டத்தில் உரக்க வாசிக்கவேண்டும். கேட்டவன் எல்லோரும் சாட்சி. பிறகு நெடுங்காலம் எல்லாம் காகிதத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எழுதிக் கொடு, எழுதி வாங்கு. இந்த நூற்றாண்டில்தான் மறுபடியும் வாயைத் திறந்து கதைக்கிற கோடு ஆனது. அதோடு படித்த நீதிபதிக்குப் பக்கத்தில் ஊர்ச்சனத்தையும் இருத்தினார்களாம். எனக்கு அந்த மனுஷனின் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும் போல இருந்தது. என்னைப் போல வாயை நம்பிப் பிழைக்கிறவனுக்குத் தோதான சட்டம்.

எழும்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கட்டடமே இல்லாத கோடு ஒன்று இன்னும் இருக்கிறதாம். அமைச்சர்மாரை விசாரிக்க மட்டும் கூட்டுவது. பாதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள், பாதி பாராளுமன்றம் தெரிவுசெய்த ஆட்கள். கடைசியாக அது கூடியது அவர் பிறப்பதற்கு முன்னாம். "எங்கட மந்திரிமார் நல்ல பிள்ளையள்" என்று கண்ணைச் சிமிட்டினார். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

எஸ்பியருக்குப் போகும் வழியில் ஒரு பன்றி லொறிக்குப் பின்னால் அகப்பட்டோம். முந்த இடமில்லை. வானுக்குள் பன்றி மணமும் இறைச்சிக் குழம்பு மணமும் கலந்து வந்தன. அன்ரன் செபமாலை சொல்லத் தொடங்கினான். றீற்றா ஸ்தோத்திரம் சொன்னா. இரண்டு பக்கத்து மன்றாட்டும் போதாமல் நான் லொறியைத் திட்டினேன். ஒரு சந்தியில் லொறி இடப்பக்கம் திரும்பியது. ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க நாங்கள் கோட்டு வாசலில் நின்றோம். விடியப் போய் நிற்கிற யாழ்ப்பாணப் பழக்கம் இல்லாவிட்டால் வழக்கு அன்றைக்குப் போயிருக்கும்.

ஹன்னே எங்களை உள்ளே தள்ளினா. மேடையில் ஆறு பேர். நடுவே மூன்று நீதிபதிகள். தலைமை நீதிபதி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மா. ஓரங்களில் ஊர்ச்சனம் மூன்று பேர்: பன்றி வளர்க்கும் விவசாயி, பள்ளிக்கூடச் சமையற்காரி, ஓய்வுபெற்ற தபால்காரர். ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, பன்றிக்காரருக்கும் தலைமை நீதிபதிக்கும் ஒரே எடை என்று ஹன்னே காதோடு சொன்னா. ஒரு செடிக்கு ஆறு பேர். பக்கத்தில் ஒரு மேசையில் சேவலின் முன்படமும் பின்படமும். அக்செல் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் தனியே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்தவராம்.

மொழிபெயர்க்க வந்தவர் கொப்பன்ஹேகனிலிருந்து வந்த மதுரைக்காரர். என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க உண்மையைத்தான் சொல்லணும்னு சொல்றாங்க" என்றார். வேறென்ன சொல்ல வந்தேன்?

உங்கள் ஊரில் யாருடைய மரத்திலும் கேட்காமல் வெட்டலாமா என்று தலைமை நீதிபதி கேட்டா.

"எல்லா நாளும் இல்லை அம்மா. குருத்து ஞாயிறுக்கு மட்டும். கோயிலுக்கு எண்டால் நாங்கள் கேக்கிறதில்லை. கேட்டால் கோவிப்பினம்."

ஏன் கோபிப்பார்கள்?

"கேட்டால், இல்லையெண்டு சொல்லக்கூடிய ஆள் எண்டு நாங்கள் அவரை நினைச்சதாப் போயிடும்."

பன்றிக்காரர் பேனையை எடுத்து எதையோ எழுதினார். மரத்துக்காரன் உங்கள் கோயிலைச் சேராதவனாக இருந்தால் என்று கேட்டார். நல்ல தென்னை சைவ வீடுகளில்தான் நிற்கும், அவர்களுடைய தேருக்கு எங்கள் வளவில் வாழை வெட்டுவார்கள், கணக்குச் சரி என்றேன். பிறகு அரசாங்க வழக்கறிஞர் எழும்பினார். இளம் ஆள், அதுவரை சிரிக்காமல் இருந்தவர். உங்கள் ஊர்த் தென்னைகள் கோழி வடிவத்தில் இருக்குமா என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இருந்தால் வாலைத்தான் வெட்டியிருப்பம்."

ஹன்னே கண்ணை மூடிக்கொண்டா. மேடையில் ஒரு இருமல் வந்தது. சமையற்காரியுடையது என்று நினைக்கிறேன். சிரிப்பை இருமலாக்கத் தெரிந்தவ.

அடுத்து அக்செல். நட்டம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டார்கள். முதல் கிழமை கடுங்கோபம் இருந்தது என்றார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் வருவான், ஏதாவது சொல்வான் என்று பார்த்திருந்தாராம். இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு புல்தரையும் சின்ன மதிலும்தான். ஒவ்வொரு ஞாயிறும் கோப்பியை ஒரு கோப்பை கூடப் போட்டாராம். அவன் வரவில்லை. ஜன்னலில் கண்டாலும் முகத்தைத் திருப்பினான். "தலை போனது பரவாயில்லை" என்று அவர் சொன்னதை மதுரைக்காரர் தாழ்ந்த குரலில் தமிழாக்கினார். "ஒரு வருஷம் ஒருத்தன் என்னைப் பாக்கவே மாட்டேன்னது, அதுதான்."

நீங்கள் ஏன் போகவில்லை என்று தலைமை நீதிபதி அன்ரனைக் கேட்டா. அன்ரன் எழும்பி நின்றான்.

"வழக்கு நடக்கேக்க எதிராளியின்ர வளவுக்குள்ள கால் வைக்கப்படாது. வைச்சால் அவரை விலைக்கு வாங்கப் போனன் எண்டு ஆகும். அவர் மரியாதையான மனுசன். அந்தக் கறையை அவருக்கு நான் வைக்கமாட்டன்."

அப்போதுதான் அவன் முதன்முதலாக அக்செலின் பக்கம் முகத்தைத் திருப்பினான். சுளுக்கோடு திருப்பியதால் உடம்பும் சேர்ந்து திரும்பியது. கிழவர் தலையை மெல்ல ஆட்டினார். ஒரு வருஷமாக ஒருவர் கோப்பியோடும் ஒருவர் கழுத்துச் சுளுக்கோடும் மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கடைசி வார்த்தை குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்பது இந்த நாட்டு முறை. அன்ரன் றெஜினாவைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொன்னான். அந்தக் கோப்பு திறக்கப்படும் நாளில் தன் பெயர் வெள்ளையாக இருக்கவேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றான். அவ்வளவுதான்.

ஆறு பேரும் உள்ளே போனார்கள். நாங்கள் நடைபாதையில் நின்றோம். புட்டுப் பார்சலைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஊரில் அப்பன் வழக்கு வைத்தால் தீர்ப்பை மகன்தான் கேட்பான்; இவர்கள் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்தில் திரும்பிவந்தார்கள்.

விடுதலை. கெடுக்கும் எண்ணம் இல்லை, உரிமையாளர் சம்மதிப்பார் என்று மனதார நம்பியிருக்கிறான் என்பது தீர்ப்பு. ஆனால் டென்மார்க்கில் கேட்டுவிட்டு வெட்டவேண்டும் என்று தலைமை நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொன்னா. அன்ரன் மதுரைக்காரர் மொழிபெயர்க்கும் முன்பே தலையாட்டினான். பிறகு சுவரோரமாகப் போய் நின்று முகத்தைத் துடைத்தான்.

வெளியே வந்தால், கிரின்ஸ்டெட் போகும் பஸ் போய்விட்டது என்று அக்செல் நிற்கிறார். றீற்றா ஒன்றும் கேட்கவில்லை, வானின் கதவைத் திறந்துவிட்டா. அன்ரனும் எதிராளியும் ஒரே ஆசனத்தில், நடுவே சாப்பாட்டுப் பார்சல். கிழவர் ஆறிய புட்டை இறைச்சிக் குழம்போடு கையால் சாப்பிட்டார். மூக்கால் தண்ணி ஓடியது. நிறுத்தவில்லை. இந்த உறைப்பைச் சாப்பிடுகிற ஆட்கள் வாய் எரிவு ஆறப் பச்சைச் செடியை வெட்டியதில் ஆச்சரியம் இல்லை என்றாராம்.

பாதி வழியில் அன்ரன், தலை வளர எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டான். மெதுவாக வளரும் சாதி, இரண்டு மூன்று வருஷமாவது ஆகும் என்றார் கிழவர். "அதுக்கிடையில அவ வந்திடுவா" என்றான் அன்ரன். கிழவர் அவனைப் பார்த்தார். கோப்பு எவ்வளவு காலமாகக் கிடக்கிறது என்று கேட்டார். அன்ரன் சொன்னான். கிழவர் மீதிப் புட்டைப் பார்சலில் வைத்து மடித்தார்.

அன்று மாலையே அக்செலின் சமையலறையில் கோப்பி குடித்தோம். மறுநாள் கப்பலேறினேன்.

பிறகு நடந்ததைப் பத்திரிகை பார்த்தவர்களுக்குத் தெரியும். கோப்புகள் கிடந்த கதை வெளியே வந்தது. விசாரணைக்கு மேல் விசாரணை. கடைசியில், வாசல்காப்பாளர் கண்ணைச் சிமிட்டிச் சொன்ன கட்டடமில்லாத அந்த நீதிமன்றத்தையும் தட்டி எழுப்பினார்கள், எங்கள் ஆட்களின் பெயரால். ஒரு செடிக்கு ஆறு பேர் என்று சிரித்த எனக்கு, அதற்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை.

என் வழக்கு அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. நான் லண்டனுக்குத் திரும்பிச் சில மாதத்தில் அன்ரன் ரெலிபோனில் ஒரு விஷயம் சொன்னான். சேவலின் கழுத்தில் கொழுந்து வருகிறதாம். அது வரும்போதெல்லாம் அக்செல் கத்திரிக்கோலும் வேண்டாமென்று விரலாலேயே கிள்ளிவிடுகிறாராம். "ஏன் கிள்ளுறியள் எண்டு கேட்டன் அண்ணை. உன்ர மனுசி வராமல் என்ர சேவலுக்குத் தலை வரப்படாது எண்டுறார்."

அதற்குப் பிறகு நான் றெஜினாவைப் பற்றி நேராகக் கேட்பதை விட்டேன். புண்ணைக் கிளறக் கூடாது. ஒவ்வொரு முறையும், கிழவர் கிள்ளுகிறாரா என்று கேட்பேன். ஓம், கிள்ளுறார் என்பான். வேறு கதைக்குப் போவோம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் வழக்கம்போல அன்ரனுக்கு ரெலிபோன் அடித்தேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தது அன்ரன்தான். பின்னால் பாத்திரச் சத்தமும், தமிழில் ஒரு சின்னக் குரல் யாரையோ அதட்டுவதும் கேட்டது.

"கிள்ளுறாரோ?" என்றேன்.

"இல்லை அண்ணை" என்றான். "விட்டிட்டார்."